துடைத்த எண்ணெய்

கல்லங்குறிச்சியைத் தாண்டி உள்ளே போகும் சாலையை லாரிகள் அரைத்து மாவாக்கியிருந்தன. சுண்ணாம்புக்கல் தூசி வேலி, வேப்பமரம், மின்கம்பி எல்லாவற்றின் மேலும் வெள்ளையாகப் படிந்திருந்தது. நந்தினியின் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபோது நஜீமுதீனின் புருவம்கூட நரைத்துப் போயிருந்தது. உச்சி வெயில். தெருவில் ஒரு நாய்கூட இல்லை. தெருக்குழாயின் கீழே காலிக் குடங்கள் மட்டும் வரிசையாகக் காத்திருந்தன.

"லெப்பைக்குடிகாட்டு பாய்தானே? உள்ள வாங்க."

"ஆமாம்மா. போன்ல பேசுனேனே, நஜீமுதீன்."

அவள் கொடுத்த சொம்பில் பாதிதான் தண்ணீர் இருந்தது. அதற்கு அவள் வருத்தம் சொல்லவில்லை. ஊர் நிலவரம் அவனுக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரியும்.

கல் எடுத்து முடித்துக் கைவிட்ட பள்ளம் ஒன்று ஊருக்குப் பின்னால் மழைநீர் நிரம்பிக் கிடக்கிறது. அதில் மிதவை கட்டி, மோட்டார் வைத்து, ஊருக்குத் தண்ணீர் எடுத்தார்கள். போன ஐப்பசிக் காற்றில் மிதவை கவிழ்ந்து மோட்டார் அடியில் போய்விட்டது. அதை எடுக்க இறங்கியவன் நந்தினியின் கணவன் நல்லதம்பி. அவன் ஏறி வரவில்லை. மோட்டாரும் அங்கேயே கிடந்தது. வேறு ஏற்பாட்டில் வந்துகொண்டிருந்த தண்ணீரும் இந்தக் கோடையில் நின்றுபோக, ஊர்க்காரர்கள் நஜீமுதீனைத் தேடி வந்தார்கள்.

நஜீமுதீன் முக்குளிக்கிறவன் அல்ல. வளைகுடா நாட்டில், ஃபுஜைராவில் ஒரு டைவிங் கடையில் பல வருஷம் வேலை பார்த்தவன். கடலுக்குள் போய் வரும் கருவிகளைப் பிரித்து, உப்பைக் கழுவி, பித்தளையில் பூத்த பச்சைக் களிம்பைச் சுரண்டி, ரப்பர் வளையங்களுக்குக் கிரீஸ் தடவித் திரும்பப் பூட்டுவதுதான் வேலை. ஊர் திரும்பிய பிறகு தமிழழகன் என்ற இளைஞனோடு சேர்ந்துகொண்டான். கிணற்றிலும் குவாரியிலும் விழுந்ததைத் தமிழழகன் இறங்கி எடுப்பான். அவன் மூச்சுக்கு நஜீமுதீன் பொறுப்பு.

அந்தப் பொறுப்பில்தான் இப்போது ஓட்டை. அவர்களிடம் இருந்த ரெகுலேட்டரின் பித்தளை மரை களிம்பேறி விரிசல் விட்டுவிட்டது. சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் கருவி அது. அது இல்லாமல் இறங்க முடியாது. நல்லதம்பி இறங்கப் போட்டிருந்த முக்குளிப்புச் செட்டு வீட்டில் இருப்பதாக ஊர்க்காரர்களே சொல்லி அனுப்பினார்கள்.

செட்டு உள் அறையில் ஒரு பெஞ்சின் மேல் இருந்தது.

இருந்தது என்பதைவிட, கிடத்தப்பட்டிருந்தது என்று சொல்ல வேண்டும். சிலிண்டர் நீளவாக்கில், அதன் மேல் ஜாக்கெட். ஜாக்கெட்டின் கிளிப்புகள் எல்லாம் பூட்டியிருந்தன. தலைமாட்டில் விளக்கு. நல்லெண்ணெயும் சீயக்காயும் கலந்த வாடை அறையை அடைத்துக்கொண்டு நின்றது. சுவரில் நல்லதம்பியின் படம். வாய் கொள்ளாத சிரிப்பு, மேல்வரிசையில் முன்பல் ஒன்று இல்லை.

"வண்டிலேருந்து வுழுந்து ஒடைச்சிக்கிட்டாரு. கட்டிக்கங்கன்னு நானும் தலப்பாடா அடிச்சிக்கிட்டேன். 'பல்லு இல்லன்னாதான் காத்து ஈஸியா போகும்'பாரு" என்றாள் நந்தினி. சிரிக்க முயன்று நிறுத்திக்கொண்டாள்.

"அன்னிக்கு என்னம்மா ஆச்சு?"

"கயித்த இழுத்தாங்க. இது மட்டும் வந்துச்சு. கிளிப்பெல்லாம் போட்டது போட்டபடி. உள்ள ஆளு இல்ல."

நஜீமுதீன் ஜாக்கெட்டைப் பார்த்தான். நெஞ்சில் ஒன்று, வயிற்றில் ஒன்று, தோளில் இரண்டு. இத்தனையும் பூட்டியிருக்க ஒரு மனிதன் அதிலிருந்து எப்படி வெளியே போவான்?

"ஒடம்பு கடைசி வரைக்கும் கெடைக்கல பாய். தலைக்கு எண்ணெ வைக்கணும், வாய்க்கரிசி போடணும். எதுக்கு வைக்கிறது? அவரு மூச்சு கடைசியா இதுலதான இருந்துச்சு. அதான் இதுக்கே வச்சோம். ஒறமொற எல்லாம் ஆளுக்கு ஒரு கை வச்சாங்க."

அவனுக்கு அது புரிந்தது. மய்யித்தைக் குளிப்பாட்டி அடக்கம் செய்ய முடியாமல் போன ஒரு மரணம் அவன் தெருவிலும் உண்டு. அந்த வீட்டில் இன்றும் யாரும் உரக்கப் பேசுவதில்லை.

"எடுத்துக்கிட்டுப் போங்க. ஊரே தவிச்சிக் கெடக்கு, நான் பூட்டி வச்சிக்கிட்டு என்ன பண்ணப்போறேன்? ஒண்ணே ஒண்ணு. அந்த எண்ணெய மட்டும் தொடைச்சிடாதீங்க. அது அவருக்கு வச்சது."

"சரிம்மா" என்றான் நஜீமுதீன்.

எளிதாக வந்துவிட்டது அந்த வார்த்தை.

லெப்பைக்குடிகாட்டில் அவன் வீட்டு மாடியறைதான் பட்டறை. ஜன்னலைத் திறந்தால் வெள்ளாற்று மணல் தெரியும். மேஜையில் வெள்ளைத் துணி விரித்து ரெகுலேட்டரை வைத்தான். வைத்த கையோடு உட்கார்ந்துவிட்டான்.

எண்ணெய் வெறுமனே தொட்டு வைத்ததாக இல்லை. ஒவ்வொரு கையாக வைத்தது வழிந்து இண்டு இடுக்கெல்லாம் இறங்கியிருந்தது. சில இடங்களில் பிசினாகக் கெட்டித்திருந்தது. நல்லெண்ணெய்க்கும் இந்தக் கருவிக்கும் ஆகாது. ரப்பர் வளையம் எண்ணெய் குடித்தால் ஊதி இளகும். பிசின் வால்வை ஒட்டவைக்கும். அதிக அழுத்தத்தில் காற்று பாயும் இடத்தில் எண்ணெய் இருந்தால் சூடேறிப் பற்றவும் கூடும். எதுவும் நடக்காவிட்டாலும், இறங்கியவனின் நெஞ்சுக்குள் ஒவ்வொரு மூச்சோடும் எண்ணெய்ப் புகை போகும். இதற்கென்று இருக்கும் சிலிக்கான் கிரீஸைத் தவிர வேறு எதையும் இதன்மேல் தொடவிடக் கூடாது என்பது வேலைக்குச் சேர்ந்த அன்றே அவனுக்குச் சொல்லப்பட்ட பாடம்.

கைபேசி அடித்தது. தமிழழகன்.

"பாய், சாமான் வந்துருச்சா? நாளைக்குக் காலைல எறங்கிரலாமா?"

"வந்துருச்சு தமிழு. ஆனா..."

"ஆனா ஆவன்னாலாம் அப்பறம். நல்லா பளபளன்னு ஆக்கி வைங்க. என் வாயில போடப்போறது. போன தடவ மாதிரி கிரீஸ் டேஸ்ட்டு வந்துச்சுன்னா, பிரியாணி நீங்கதான் வாங்கித் தரணும்."

நஜீமுதீன் போனை வைத்தான். ஒரு பக்கம் செத்தவனுக்கு வைத்த எண்ணெய். ஒரு பக்கம் உயிரோடு இருப்பவனின் மூச்சு. பிஸ்மில்லா சொல்லி ஸ்பேனரை எடுத்தான்.

ஒவ்வொன்றாகப் பிரித்தான். சோப்புத் தண்ணீரில் எண்ணெய் விட்டுப் பிரிந்து மேலே வட்டவட்டமாக மிதந்தது. பித்தளையில் படிந்திருந்த குவாரிச் சுண்ணாம்பு காடியில் ஊறியதும் நுரைத்துக் கரைந்தது. வாயில் கவ்வும் பகுதியின் மூடியைத் திருகித் திறந்தான். மூச்சுக்கு அசையும் மெல்லிய ரப்பர் தகட்டின் பின்னால் அரிசி இருந்தது. பச்சரிசி. விரல் நுனியால் ஒவ்வொன்றாக எடுத்துத் தாளில் மடித்து வைத்தான்.

பல்லால் கடித்துப் பிடிக்கும் ரப்பர் வாய்ப்பூட்டில் நல்லதம்பியின் பல்தடம் வரிசையாகப் பதிந்திருந்தது. முன்பல் இருக்க வேண்டிய இடம் மட்டும் மேடாக, கடிபடாமல். அதைக் கழற்றி வீசிவிட்டு, உறையைப் பிரித்துப் புது வாய்ப்பூட்டு மாட்டினான். புது வளையங்களுக்கு மினுமினுப்பு தெரிகிற அளவுக்கு மட்டும் கிரீஸ் தடவினான்.

கடைசியாக நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவும்போதுதான் கவனித்தான். வலப்பக்கம் முதலில், அப்புறம் இடப்பக்கம். மய்யித்தைக் குளிப்பாட்டும் வரிசையில் அவன் கை தானாகவே போய்க்கொண்டிருந்தது.

கை நின்றுவிட்டது. பிறகு மிச்சத்தையும் ஊற்றி முடித்தான்.

ரெகுலேட்டரைச் சுவர் ஆணியில் மாட்டிக் காயவிட்டு, ஜாக்கெட்டின் ஜிப்புக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தான். கரண்ட் போய்விட்டது. மின்விசிறி தயங்கித் தயங்கி நின்றது. வெயில் நேரத்து நிசப்தம்.

பட்.

மெல்லிய சத்தம். ஈர உதடு பிரிகிற மாதிரி.

பட்.

ரெகுலேட்டரின் அடியில் ஒரு சிறு ரப்பர் இதழ் உண்டு. மூச்சை வெளியே விடும்போது மட்டும் அது திறக்கும், விட்டதும் மூடிக்கொள்ளும். சிலிண்டர் இல்லை, குழாயின் மறுமுனை காற்றில் தொங்குகிறது, ஜன்னல் திரைகூட ஆடவில்லை.

இதழ் திறந்தது. மூடியது.

திறந்தது. மூடியது.

தூங்குகிறவனின் மூச்சுபோல நிதானமாக.

அதன் நுனியிலிருந்து ஒரு சொட்டு கீழே விழுந்தது. தரையில் அது காய்ந்த இடத்தில் வெள்ளையாக ஒரு வட்டம் மிஞ்சியது.

படிக்கட்டிலிருந்து மனைவி ஜரீனாவின் குரல் வந்தது.

"மச்சான், மேல யாரு படுத்திருக்கா? மூச்சு வுடுற சத்தம் கீழ வரைக்கும் கேக்குது."

"யாருமில்ல" என்றான். "காத்து."

"காத்தா? ஒரு எலகூட ஆடல. இந்தக் காத்த கீழயும் கொஞ்சம் அனுப்புங்க, வெந்து சாவுறோம்" என்றபடி அவள் போய்விட்டாள்.

மறுநாள் காலை குவாரிக் கரையில் பாதி ஊர் கூடியிருந்தது. பள்ளத்தின் செங்குத்துச் சுவர்களில் எந்தக் காலத்துக் கடலிலோ வாழ்ந்த சிப்பிகள் கல்லாகிப் பதிந்திருந்தன. கீழே தண்ணீர் பால் கலந்த பச்சை. ஒரு முழத்துக்குக் கீழே எதுவும் தெரியாது.

நஜீமுதீன் ரெகுலேட்டரைச் சிலிண்டரில் பூட்டித் தன் வாயில் வைத்து இழுத்துப் பார்த்தான். காற்று சீராக வந்தது. கசிவில்லை, வாடையில்லை. அழுத்தமானியின் முள் நிறைந்த அளவில் நின்றது. நேற்று நடந்ததை அவன் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? வெயிலில் ரப்பர் விரியும், சுருங்கும்.

"பாய் முகத்தப் பாரு. நான் எறங்குறேனா, நீங்க எறங்குறீங்களா?" என்றான் தமிழழகன்.

"பேச்ச கொற. ஒரு இழுப்புன்னா நல்லாருக்கேன். மூணு இழுப்புன்னா தூக்கு. மறந்துடாத."

"எத்தன தடவ சொல்லுவீங்க? எங்க அம்மாகூட இவ்ளோ சொல்லாது."

அவன் தண்ணீரில் சரிந்தான். பச்சை மூடிக்கொண்டது. இடுப்பில் கட்டிய கயிறு நஜீமுதீனின் கைகளின் வழியே ஓடி இறங்கி நின்றது. ஒரு இழுப்பு. நஜீமுதீன் பதிலுக்கு ஒரு இழுப்பு கொடுத்தான். தமிழழகன் இருக்கும் இடத்துக்கு மேலே குமிழிகள் கொத்தாக எழுந்து உடைந்தன. கொஞ்சம் இடைவெளி. மறுபடி ஒரு கொத்து.

அந்த இடைவெளியில் இன்னொரு கொத்து எழுந்தது.

சற்றுத் தள்ளி.

நஜீமுதீன் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தான். இறங்கியது ஒருவன். தமிழழகனின் குமிழிகள் ஓய்ந்ததும் அவை எழுந்தன. அவை ஓய்ந்ததும் இவை. ஒரே கருவியை இரண்டு பேர் மாற்றி மாற்றி வாயில் வைத்துக்கொள்வதைப் போல.

இரண்டாவது கொத்து மெல்ல மெல்ல முதல் கொத்தை நெருங்கியது.

பிறகு ஒரு கொத்துதான் இருந்தது.

அவன் கயிற்றை ஒரு முறை இழுத்தான். பதில் இல்லை. மறுபடி இழுத்தான். கயிறு தொய்ந்து கையோடு வந்தது, மறுமுனையில் எதுவும் இல்லாததுபோல.

கடைசிக் குமிழி உடைந்தது.

தண்ணீர் மூடிக்கொண்டு கிடந்தது.

"தமிழு!" என்று கத்தினான். தண்ணீருக்குள் கேட்காது என்று தெரிந்தும் கத்தினான். கூட்டம் எழுந்து விளிம்புக்கு வந்தது. அதை விலக்கிக்கொண்டு நந்தினி வந்தாள். தண்ணீரைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்தாள்.

"பாய். எண்ணெயத் தொடைச்சிட்டீங்களா?"

பொய் வாய்வரை வந்தது. கையில் தொய்ந்து கிடந்த கயிறு அதைச் சொல்லவிடவில்லை.

"தொடைச்சிட்டேம்மா. இல்லன்னா இந்தப் புள்ளைக்கு ஆகாதும்மா."

"அரிசி?"

"அதையும் எடுத்துட்டேன்."

அவள் அழவில்லை, ஏசவில்லை. இறுக்கிப் பின்னியிருந்த தலையில் இரண்டு கைகளையும் வைத்து அழுத்தி, காலையில் தேய்த்திருந்த எண்ணெயை உள்ளங்கைகளில் வழித்தாள். கயிற்றை வாங்கினாள். முழம் முழமாக அதில் தடவித் தண்ணீருக்குள் விட்டாள். மறுபடி தலையில் கை வைத்தாள், மறுபடி தடவினாள். உதடு மட்டும் அசைந்தது. அருகில் நின்ற அவனுக்கு மட்டுமே கேட்டது.

"வச்சிட்டேன். வச்சிட்டேன் பாருங்க. அந்தப் புள்ளைய வுட்டுருங்க."

தண்ணீரின் மேல் எண்ணெய் நூல்நூலாகப் படர்ந்தது.

கயிறு இறுகியது.

ஒரு இழுப்பு. இரண்டு. மூன்று.

நஜீமுதீன் இழுத்தான். அசையவில்லை. கூட்டத்தில் நாலு பேர் சேர்ந்து பிடித்தார்கள். ஒரு ஆளின் கனம் இல்லை அது. இரண்டு ஆள் கனம். பாதி ஏறியதும் சட்டென்று கனம் குறைந்து எல்லோரும் பின்னால் சாய்ந்தார்கள். தமிழழகன் தண்ணீரைப் பிளந்துகொண்டு மேலே வந்தான்.

உயிரோடு இருந்தான். கரையில் போட்டதும் வாயிலிருந்ததை எடுத்துவிட்டுச் சிரித்தான்.

"என்ன பாய், அதுக்குள்ள தூக்கிட்டீங்க? இப்பதான மோட்டார்ல இன்னொரு கயித்தக் கட்டுனேன். ஆனா சும்மா சொல்லக் கூடாது. காத்து குளுகுளுன்னு வந்துச்சு."

அவன் இறங்கியபோது மேற்குச் சுவரில் இருந்த வெயில் இப்போது கிழக்குச் சுவரைத் தொட்டிருந்தது. நஜீமுதீன் அழுத்தமானியைத் திருப்பிப் பார்த்தான்.

முள் அசையவே இல்லை. சிலிண்டர் நிறைந்திருந்தது.

இத்தனை நேரம் அவன் எதை மூச்சுவிட்டான்?

நஜீமுதீன் ரெகுலேட்டரைக் கையில் எடுத்தான். நேற்றுதான் உறை பிரித்து மாட்டிய வாய்ப்பூட்டு. அதில் பல்தடம் ஆழமாகப் பதிந்திருந்தது. மேல்வரிசையில் ஒரு பல்லின் இடம் மட்டும் கடிபடாமல் மேடாக நின்றது. தமிழழகனின் பல் முப்பத்திரண்டும் வெயிலில் பளிச்சென்று தெரிந்தன.

மாலைக்குள் மோட்டார் மேலே வந்தது. ஊர் கைதட்டியது. செட்டைத் திருப்பிக் கொடுக்க நஜீமுதீன் நந்தினி வீட்டு வாசலுக்குப் போனான். அவள் கதவைப் பாதிதான் திறந்தாள்.

"இங்க வேணாம் பாய். நாங்க எண்ணெ வச்சி முடிச்சி, அழுது முடிச்சிட்டோம். குளிப்பாட்டுனது நீங்க. இனிமே அவரு ஒங்க பொறுப்பு."

அன்று முதல் அந்த ரெகுலேட்டர் மாடியறையில் ஒரு தகரப் பெட்டிக்குள் இருந்தது. வெள்ளிதோறும் ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து அதற்கு நல்லெண்ணெய் தடவினான். எடுத்த அரிசியைத் திரும்ப உள்ளே வைத்தான். தான் வாழ்நாள் முழுக்கக் கூடாது என்று சொன்ன காரியத்தைத் தன் கையாலேயே செய்தான். எண்ணெய் வைத்தால் பெட்டிக்குள் சத்தம் இருக்காது. ஒரு வெள்ளி தவறினால் சனிக்கிழமை மதியம் இதழ் தட்டத் தொடங்கும்.

ஆனால் எண்ணெய் ரப்பரைத் தின்னும். அதுவும் அவனுக்குத் தெரியும். வாய்ப்பூட்டு இளகிப் பிசுபிசுத்தது. தகடு ஊதி மடிந்தது. ஆடி பிறந்ததும் ஒரு நாள் பெட்டியைத் திறந்தபோது ரப்பர் எல்லாம் தாராக உருகி அடியில் ஓடியிருந்தது. மிஞ்சியது வெறும் பித்தளை. அதில் வாய் இல்லை. மூச்சு வர வழியில்லை. பல வாரங்களுக்குப் பிறகு நஜீமுதீன் அன்று அசந்து தூங்கினான்.

பாடாலூர்ப் பக்கம் ஒரு கிணற்று வேலை வந்திருந்தது. தமிழழகன் அரித்தெடுத்துக்கொண்டிருந்தான். "பழைய கதையெல்லாம் வுடுங்க பாய், புதுசு ஒண்ணு வரவழைங்க" என்றான். நஜீமுதீனும் இறங்கிவந்தான். ஃபுஜைராவில் இருக்கும் தம்பி அல்தாப்பிடம் சொல்லி, கம்பெனி முத்திரை உடையாத புது ரெகுலேட்டர் வந்து சேர்ந்தது. விடிந்தால் அதோடு தமிழழகன் கிணற்றில் இறங்க வேண்டும்.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு ஜரீனா கூடத்தில் உட்கார்ந்து பார்சலைப் பிரித்தாள். நாடாவை வெட்டினாள், அட்டையைத் திறந்தாள், பிளாஸ்டிக் உறையைக் கிழித்தாள். நஜீமுதீன் எதிரில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். உறை கிழியும்போதே அவனுக்கு அந்த வாடை வந்தது. ஈரச் சுண்ணாம்பு வாடை.

"நல்ல தம்பிதான் ஒங்களுக்கு" என்றாள் ஜரீனா. "யாரோ போட்ட பழசத் தலையில கட்டிட்டாங்க போல. ஒரே ஈரம். கடிச்ச தடங்கூட அப்படியே இருக்கு பாருங்க."

அவள் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"மச்சான், ஒங்க ஆளுங்கள்ல யாருக்கு முன்பல்லு இல்ல?"

நஜீமுதீன் அடுப்படிக்குப் போய் நல்லெண்ணெய் பாட்டிலை எடுத்து வந்தான்.